டோபா எரிமலை: இரண்டரை மீட்டர் சாம்பலும் செத்துப்போகாத மனிதர்களும்

கற்கோடாரி:
சாம்பல்சாமி நேற்று ஒரு காணொளியைப் பகிர்ந்து "மறுக்க முடியாத அறிவியல்" என்று மேலே எழுதியிருக்கிறார். 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா வெடித்ததாம், இந்தியா முழுக்க இரண்டரை மீட்டர் சாம்பலில் புதைந்ததாம், ஒருவரும் மிஞ்சவில்லையாம். ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் தோண்டியபோது அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் கல்கருவிகள், மேலேயும் கல்கருவிகள். 2007இலேயே வெளிவந்த ஆய்வு. செத்தவர்கள் எழுந்து வந்தா கல் உடைத்தார்கள்?

சாம்பல்சாமி:
ஒரே கேள்வி. ஜ்வாலாபுரத்தில் இரண்டரை மீட்டர் சாம்பல் இருக்கிறதா, இல்லையா?

கற்கோடாரி:
இருக்கிறது. ஆனால் வானத்திலிருந்து நேராக விழுந்தது அடியில் உள்ள சில சென்டிமீட்டர்தான். மிச்சமெல்லாம் சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து மழைத் தண்ணீர் அரித்து வந்து பள்ளத்தாக்கில் சேர்த்தது.

சாம்பல்சாமி:
ஆக, இருக்கிறது. நன்றி. டோபா கக்கியது சுமார் 2,800 கன கிலோமீட்டர் எரிகுழம்பு. வெடித்த இடத்தில் உண்டான பள்ளம்தான் இன்று 100 கி.மீ. நீள ஏரி. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததற்கே அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை வரவில்லை, பயிர் விளையவில்லை. டோபா அதைவிடப் பல பத்து மடங்கு பெரியது. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

மரபணு_வாசகி:
ஒரு நிமிடம். டோபாவுக்குப் பிறகு உலகத்திலேயே "சில ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள்" என்று மரபணுவை வைத்துச் சொல்கிறார்களே, அது தலை எண்ணிக்கை அல்ல. அடுத்த தலைமுறைக்கு மரபணு கொடுத்தவர்களைப் பற்றிய கணக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து சிறு கூட்டமாகக் கிளம்பியிருந்தாலும் மரபணுவில் அதே குறுக்கம் தெரியும். "மிஞ்சியவர்" என்றால் யார் என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே?

சாம்பல்சாமி:
அம்மா, பாடம் அப்புறம். இரண்டரை மீட்டர் சாம்பலுக்குள் எந்தப் புல் முளைக்கும்? எந்த மான் மேயும்?

கற்கோடாரி:
நான்கு வரிக்கு மேலேதான் பதில் சொன்னேன், கண்ணில் படவில்லையா? உலகத்தைக் குளிர வைப்பது சாம்பலும் அல்ல, கந்தகம். சாம்பல் சீக்கிரம் விழுந்துவிடும். கந்தகத் துளிகள்தான் மேலே ஓரிரு ஆண்டுகள் தங்கி வெயிலை மறைக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை அப்படித்தான் உலகச் சராசரியை அரை டிகிரி அளவுக்கு இறக்கியது. டோபா எவ்வளவு கந்தகம் விட்டது என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியின் அடிமண்ணில் டோபாச் சாம்பல் கிடைத்தது, பெருங்குளிருக்கான தடயம் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் பின்னகிள் பாயின்டில் டோபா கக்கிய நுண் கண்ணாடித் துகள் விழுந்த பிறகும் மக்கள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். 2018 ஆய்வு.

சாம்பல்சாமி:
மலாவி, தென்னாப்பிரிக்கா! நான் இந்தியாவைக் கேட்டால் இவர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் காட்டுகிறார்.

ஈப்போக்காரன்:
மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்தில் லெங்கோங் பக்கம் கோத்தா தம்பானில் கல்கருவிப் பட்டறை ஒன்று டோபாச் சாம்பலுக்கு அடியில் கிடைத்தது. செய்த கருவி, செய்யாத கல் எல்லாம் போட்டது போட்டபடி. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அடி பலமாகத்தான் இருந்திருக்கும்.

சாம்பல்சாமி:
பார்த்தீர்களா? மலேசியாவிலிருந்தே சாட்சி வந்துவிட்டது.

ஈப்போக்காரன்:
ஐயா, நான் மலேசியாவைத்தான் சொன்னேன். இந்தியாவில் எல்லோரும் செத்தார்கள் என்று எங்கே சொன்னேன்?

கற்கோடாரி:
விடுங்கள் ஈப்போ. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியை எரிமலை வாய் என்று போன வருடம் சாதித்தவர் இவர். விண்கல் மோதிய பள்ளம் என்று எத்தனை பேர் சொன்னோம்!

சாம்பல்சாமி:
லோனார் சுற்றிலும் எரிமலைப் பாறைதான். அதைத்தான் சொன்னேன். திரித்துப் பேசுவது உங்கள் பழக்கம்.

கற்கோடாரி:
"வாய்" என்று எழுதினீர்கள். படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

மரபணு_வாசகி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சாம்பல்சாமி:
படத்தைப் போடுங்கள் பார்ப்போம். தேதியோடு போடுங்கள். வெட்டாமல் போடுங்கள்.