பின்மண்டை நரம்பு ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் மறுப்பு: மறுபடி கேட்க வழி உண்டா?

மாடிவீடு:
அக்காவுக்கு 43 வயது. 3 வருஷமாக வலது பின்மண்டையில் கரண்ட் அடித்தாற்போல வலி. ஆக்ஸிபிடல் நியூரால்ஜியா (பின்மண்டை நரம்பு வலி) என்று நரம்பியல் டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரைக்கு அடங்கவில்லை. நரம்பை நெரிக்கும் தசையை விடுவிக்கும் ஆபரேஷனை பிளாஸ்டிக் சர்ஜன் செய்யப்போகிறார். பாலிசி 4 வருஷமாக விடாமல் ஓடுகிறது. ப்ரீ-ஆத் (கேஷ்லெஸ்ஸுக்கு முன் அனுமதி) போட்டதற்கு "நிரூபிக்கப்படாத சிகிச்சை, கோடு 16" (பாலிசியின் விலக்குப் பட்டியலில் உள்ள எண்) என்று மறுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தில் நோய் "தலைவலி, ஆர்51", சிகிச்சை "மைக்ரேன் சர்ஜரி", எத்தனை நாளாக என்ற கட்டத்தில் "10 வருஷம்" என்று இருக்கிறது.

க்ளெய்ம் மேசை:
வழி உண்டு. இப்படி ஒரு படிவம் போனால் யாராயிருந்தாலும் மறுப்பார்கள். ஆர்51 என்பது வெறும் அறிகுறிக்கான ஐசிடி (சர்வதேச நோய்ப் பட்டியல்) குறியீடு. அதோடு "மைக்ரேன் சர்ஜரி" என்ற பெயரும் சேர்ந்தது. மைக்ரேனுக்கான ஆபரேஷனை ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013-இலேயே சொல்லியிருக்கிறது. அக்காவின் நோய் வேறு, அதனால் அந்தச் சண்டைக்குள் போகவே வேண்டாம்.

புதிய ப்ரீ-ஆத்தில் நோய் "வலது ஆக்ஸிபிடல் நியூரால்ஜியா, மருந்துக்கு அடங்காதது", சிகிச்சை "கிரேட்டர் ஆக்ஸிபிடல் நரம்பு டிகம்ப்ரஷன்" (அந்த நரம்பின் நெரிப்பை விடுவிப்பது) என்று வரட்டும். பிளாஸ்டிக் சர்ஜன் ஏன் செய்கிறார் என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் அடுத்த க்வெரி அழகு சிகிச்சைக்கான கோடு 08-இல் வரும்.

நரம்பியல் டாக்டரின் கடிதத்தில் "மருந்து பலனளிக்கவில்லை" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. "ப்ரீகாபலின் 75 மி.கி. இருவேளை, 10 வாரம், வலி 10-க்கு 8-இலிருந்து 7, தலைசுற்றலால் நிறுத்தம்" என்கிற மாதிரி ஒவ்வொரு மருந்துக்கும் வேண்டும்.

வலி வார்டு:
நரம்பு பிளாக் (நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட்டாயிற்றா? முழுக்க அதில்தான் நிற்கிறது. சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் 3-ஆம் பதிப்புப்படி, மரத்துப்போகும் ஊசி போட்டதும் வலி தற்காலிகமாகக் குறைந்தால்தான் இந்த நோய் உறுதியாகும். ஆனால் நிறைய ஃபைல்களில் "பிளாக் கொடுக்கப்பட்டது, தேவலை" என்று ஒரே வரிதான் இருக்கும். தேதி, பக்கம், எந்த நரம்பு, மருந்தின் அளவு (உதாரணமாக பியூபிவகைன் 0.5%, 2 மி.லி.), ஊசிக்கு முன் 10-க்கு எத்தனை வலி, 30 நிமிஷம் கழித்து எத்தனை, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதி வாங்குங்கள். வேறொரு நாள் இரண்டாவது பிளாக்கும் அதே பலன் தந்தால் இன்னும் வலு. வலி குறையவே இல்லையென்றால் ஆபரேஷனைப் பற்றியே டாக்டரிடம் மறுபடி பேசுங்கள், இன்சூரன்ஸ் அப்புறம்.

எம்ஆர்ஐ, பிளாக் இரண்டையும் ஓபியில் முடியுங்கள். பரிசோதனைக்கென்றே அட்மிட் ஆனால் கோடு 04 வரும். பாலிசியில் சொன்ன 30 அல்லது 60 நாளுக்குள் வரும் ஓபி பில்களை அட்மிஷனுக்கு முந்தைய செலவாகக் கேட்கலாம்.

மாடிவீடு:
பிளாக் அடுத்த வாரம். அந்த "10 வருஷம்"? முன்பு எப்போதாவது ஒற்றைத் தலைவலி வரும் என்று அக்கா சொன்னதை ட்யூட்டி டாக்டர் அப்படி எழுதிவிட்டார்.

க்ளெய்ம் மேசை:
எனக்குப் பயம் அதில்தான். பாலிசிக்கு முந்தைய நோய் என்று முடித்துவிடுவார்கள். படிவத்தில் அடித்துத் திருத்தவோ வெள்ளை மை பூசவோ விடாதீர்கள். இந்த வலி எந்த மாதம் தொடங்கியது, பழைய ஒற்றைத் தலைவலி எப்படி வேறு என்று டாக்டர் தனிக் கடிதமாக, பதிவு எண்ணும் சீலும் போட்டுத் தரட்டும். இந்த வலிக்காகப் போன முதல் ஓபி சீட்டின் நகலை இணையுங்கள். பழையதை மறைக்க வேண்டாம். பாலிசி எடுக்கும்போது கேட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் கம்பெனி அதைக் காரணம் காட்டி மறுக்கலாம். தொடர்ந்து 60 மாதம் ஆனபின் மோசடியை நிரூபித்தால் தவிர அப்படிச் சொல்ல முடியாது. உங்களுக்கு இன்னும் 60 ஆகவில்லை.

ஷரத்து வாசகன்:
கேஷ்லெஸ் மறுத்தால் க்ளெய்மே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பணம் கட்டிச் செய்துகொண்டு ரீஇம்பர்ஸ்மென்ட் (பிறகு பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். அதையும் நிராகரித்தால், க்ளெய்ம் ரிவ்யூ கமிட்டி (க்ளெய்மை மறுஆய்வு செய்யும் கம்பெனிக் குழு) ஒப்புதல் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அது இல்லாமல் நிராகரிக்கக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கை சொல்கிறது. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள்.

நரம்பை எது, எந்த இடத்தில் அழுத்தியிருந்தது என்பது ஆபரேஷன் நோட்ஸில் வரட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்தாகும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். பழைய படிவத்திலிருந்து "மைக்ரேன்" அதில் அப்படியே ஏறிவிடும்.