பழைய போர்தோவ 2 மணி நேரம் டிகேண்டர்ல போடச் சொன்ன புண்ணியவானுக்கு

தக்கைதிருகி: நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்காரு, 20 வருஷம் தாண்டின எந்த போர்தோவா இருந்தாலும் (பிரான்சு போர்தோ ஊரு ரெட் ஒயின்) 2 மணி நேரம் டிகேண்டர்ல, அதாவது அகலமான கண்ணாடி ஜாடியில ஊத்தி வச்சாதான் "திறக்கும்"னு. அதுக்கு நாலு பேரு கைதட்டல் வேற. யோவ், பழசை டிகேண்டர்ல ஊத்துறது காத்து குடுக்க இல்ல, கசண்ட விட்டுட்டு மேல தெளிஞ்சத எடுக்க. டானினும் (அதான் துவர்ப்பு குடுக்குறது) நிறமும் வருஷக்கணக்கா ஒண்ணோட ஒண்ணு சேந்து கனமாகி அடியில படியுது, அதான் கசண்டு. ஒரு நாள் முன்னாடியே பாட்டில நிமித்தி வை, கழுத்துக்குக் கீழ மெழுகுவத்திய ஏத்து, கை ஆடாம ஒரே சரிவா ஊத்து, கசண்டு கழுத்துக்கு வந்ததும் நிறுத்து, குடி. 2 மணி நேரமாம்!

மேதோக்_மைனர்: அந்த "ஒருத்தர்" நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம், பயமா? போர்தோவுலயே செயின் ஜூலியன்கிற ஊரு ஒயின், 1986 வருஷத்துது, குடிச்சிருக்கேன். திறந்தவுடனே வாழைப்பூவ பச்சையா மென்ன மாதிரி துவர்ப்பு. 2 மணி நேரம் கழிச்சு சுருட்டுப் பெட்டி, தேவதாரு, தோலுன்னு வாசனை அடுக்கடுக்கா வந்துச்சு. 86ல கேபர்னே திராட்சை எவ்ளோ முரடுன்னு தெரியாதவங்க பேசக்கூடாது.

தக்கைதிருகி: "எந்த போர்தோவா இருந்தாலும்"னு எழுதினது யாரு, எங்க தாத்தாவா? இப்ப மாட்டினதும் 86க்குப் பின்னாடி போய் ஒளியறீங்க. எமில் பெய்னோன்னு ஒரு மனுஷன், போர்தோ பல்கலைக்கழகத்துல ஒயின் பாடம் நடத்தினவரு, கசண்டு இருந்தா மட்டும் டிகேண்ட் பண்ணு, அதுவும் பரிமாறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பண்ணுன்னாரு. அவருக்கு ஒண்ணும் தெரியல, மைனருக்குத் தெரிஞ்சிருச்சு.

புதுசு_87: ஒரு சந்தேகம், "பழசு"ன்னா எத்தனை வருஷம்? "திறக்குறது"ன்னா என்ன?

மேதோக்_மைனர்: பெய்னோ 86ஐ என் டேபிள்ல உக்காந்தா குடிச்சாரு?

லாசப்பல்_தம்பி: அண்ணையள், நான் பாரிசில ஒரு ரெஸ்ரோறண்டில 11 வருசமா வேலை. பழைய போத்தல் வந்தா எங்கட சொமெலியே (ஒயின் பாக்கிற ஆள்) முதல்ல கொஞ்சம் ஊத்திக் குடிச்சுப் பாப்பார், பிறகுதான் முடிவு. மணிக்கூடு பாக்கிறேல்ல. பூர்கோன், அது பிரான்சில வேற பக்கத்து ஒயின், எண்டா அனேகமா டிகேண்டரே எடுக்கிறேல்ல.

மேதோக்_மைனர்: பாத்தீங்களா, குடிச்சுப் பாத்துட்டு முடிவுன்னு. அதத்தான் நானும் சொன்னேன்.

தக்கைதிருகி: எங்க சொன்னீங்க? 2 மணி நேரம்னீங்க. 2. மணி. நேரம். 40 வருஷ ஒயினுக்கு மிச்சமிருக்குறதே அந்த மெல்லிசு வாசனைதான், காளான், மழை பெஞ்ச காட்டு மண்ணு மாதிரி, அதையும் அகலமான ஜாடியில கொட்டி வச்சா ஆவியாப் போயி புளிச்ச தண்ணிதான் நிக்கும். ஒரு நண்பர் வீட்டுல இப்படி ஒரு பாட்டில் கண்ணு முன்னாடி செத்தத நான் பாத்தேன், அந்த நண்பரு யார் பேச்சக் கேட்டாருன்னு சொல்ல விரும்பல. இதே மைனர்தான் போன சித்திரையில "ரெட் ஒயின ரூம் டெம்பரேச்சர்ல வை"ன்னு சென்னைக்காரங்களுக்கு வகுப்பெடுத்தாரு. ஐயா, அது ஹீட்டர் இல்லாத காலத்து பிரெஞ்சு வீட்டு ரூம், 16லேந்து 18 டிகிரி. உங்க வேளச்சேரி ஹால் இல்ல.

மேதோக்_மைனர்: ஆரம்பிச்சிட்டாரு, அந்தப் பழைய பஞ்சாங்கத்த. பேரு தக்கைதிருகி! பழைய தக்கையத் திருகினா பொடிப்பொடியா உள்ள விழும்னு தெரியுமா? ரெண்டு தகடு வச்ச ஓப்பனர பக்கவாட்டுல சொருகி எடுக்கணும். பேருலயே தப்பு வச்சிட்டு எனக்குப் பாடம்.

தக்கைதிருகி: என்கிட்ட அந்த ஓப்பனர் ரெண்டு இருக்கு, ஒண்ணு உங்களுக்கு அனுப்பவா? பேச்ச மாத்தாதீங்க. 2 மணி நேரம், அதுக்குப் பதில் எங்க?

புதுசு_87: நான் கேட்டதுக்கு யாராவது…

லாசப்பல்_தம்பி: டிகேண்டர் கழுவுறது நான். அதப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல.

மேதோக்_மைனர்: 86 குடிச்சிட்டு வந்து பேசுங்க.

தக்கைதிருகி: வாங்கிக் குடுங்க, வரேன். ஆனா ஊத்துறது நான். 2 மணி நேரமெல்லாம் உக்கார மாட்டேன்.