உணவுத் திருவிழாவில் சாப்பிட்டதில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு தட்டு எது?

குழிக்கரண்டி
ஏரிக்கரைத் திடலில் போட்ட திருவிழா, பேர் வேண்டாம். கூட வந்த நண்பருக்குக் கரண்டி ஆம்லெட் புதுசு என்பதால் முதல் கடையே அதுதான். நீள அடுப்பு, ஆறு குழிக்கரண்டி வரிசையாக. தட்டில் விழுந்ததைப் பிட்டால் ஒரு பாதி கருகல், மறுபாதியில் முட்டை வழியுது. கரண்டியைத் திருப்பும்போதுதான் காரணம் தெரிந்தது: ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் தீ மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது.

கரண்டிக்குத் தோசைக்கல் மாதிரி சூட்டைப் பரப்பும் பரப்பு கிடையாது. தீ எங்கே படுதோ அங்கேதான் வேகும். ரெண்டு முட்டை, அஞ்சாறு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், மிளகுத்தூள், உப்பு. எண்ணெய் ரெண்டு டீஸ்பூன் விட்டுக் காய்ந்ததும் முக்கால் கரண்டிதான் ஊற்றணும், உப்பும்போது மீதி இடம் நிரம்பிடும். அங்கே விளிம்பு வரைக்கும் ஊற்றினாங்க. வழிந்தது பர்னர் துளையை அடைத்து, இருந்த தீயும் போச்சு. மூணு பக்கம் தகரம் மறைத்திருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

சாத்தூர் மிளகாய்
காற்று பாதிதான் காரணம். கரண்டி பழகாததா இருந்தாலும் இப்படித்தான் ஆகும். புது இரும்புக் கரண்டியில முட்டை ஒட்டும், ஒட்டினா திருப்ப முடியாது, திருப்ப முடியாட்டி அடி கருகும். 2024 டிசம்பர்ல மெரினாவுல மகளிர் சுய உதவிக் குழுக்கள் நடத்தின திருவிழாவில எங்க விருதுநகர் பேர்ல வந்ததே இந்த ஆம்லெட்தான். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. தீயைக் குறைச்சு வச்சு, அவசரப்படாம விட்டாத்தான் அந்தப் பதம்.

காவிரிக்கரை
எனக்கு உறுத்துவது பள்ளிபாளையம் சிக்கன். வேறொரு ஊர்த் திருவிழா. போர்டில் பெரிசாகப் பேர், தொன்னையில் வந்தது தக்காளிக் குழம்பு. நண்பர் 'நல்லாத்தானே இருக்கு' என்கிறார். நல்லாத்தான் இருந்தது, ஆனால் அது பள்ளிபாளையம் இல்லை.

ஒரு கிலோ கோழிக்கு (எலும்போடு, சின்னத் துண்டு) கால் கிலோ சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய் இருபது, அரை மூடித் தேங்காய் பல்லுப் பல்லாக, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. மசாலாத்தூள் கிடையாது, தக்காளி கிடையாது. கறி விடும் தண்ணியிலேயே வேகணும். விதையை ஏன் உதிர்க்கணும்னா, எண்ணெயில் அது முதலில் கருகி மொத்தமும் கசக்கும்.

தொன்னை
@காவிரிக்கரை தக்காளி போட்டாங்கன்னு எப்படி முடிவு பண்ணீங்க? கண்ணால பார்த்தீங்களா? ஒரே வாணலியில பத்து கிலோ கறியைக் கொட்டினா, விடுற தண்ணி வத்த வழியில்லாம அது குழம்பாத்தான் நிக்கும். வரமிளகாய் நிறமும் அதுல இறங்கிச் சிவந்துடும். தேங்காய்ப் பல்லைப் பாருங்க. ஓரம் பொன்னிறமா இருந்தா வறுபட்டிருக்கு, வெள்ளை வெளேர்னு இருந்தா அவிஞ்சிருக்கு.

காவிரிக்கரை
தக்காளித் தோல் சுருண்டு பல்லில் மாட்டியது. அதைவிட என்ன சாட்சி வேணும்? பத்து கிலோ விஷயம் சரி, ஒத்துக்கறேன். மூணு மூணு கிலோவாகப் போட்டிருக்கணும்.

மந்தாரை
கோயில் இட்லின்னு எழுதி வச்சு டம்ளர்ல ஊத்திக் கொடுத்தாங்க. அதை டம்ளர் இட்லின்னு எழுதினா யாரும் சண்டைக்கு வரப்போறதில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி மூங்கில் குடலையில மந்தாரை இலை சுத்தி மணிக்கணக்கா ஆவியில வேகுறது. பாதி வாசனை அந்த இலையோடது. மாவு ரவைப் பதத்துல இருக்கணும், மிளகு சீரகம் ஒண்ணிரண்டா உடைச்சது, சுக்கு, பெருங்காயம், நெய். அங்கே மிளகை மாவா அரைச்சுட்டாங்க, இட்லி சாம்பல் நிறம். அந்த அம்மா ஈர்க்குச்சியால குத்திப் பார்த்தாங்க, ஈரமா வந்துச்சு, புடவை முந்தானையில துடைச்சுட்டு அப்படியே வெட்டித் தட்டுல வச்சாங்க. அந்த ஈர்க்குச்சிதான் கண்ணுலயே நிக்குது.

சர்பத்
ஜிகர்தண்டா. பாதாம் பிசின் நடுவில் கல்லு மாதிரி கடிபட்டது. ராத்திரியே ஊறப்போடணும், அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் மேலே வழவழப்பாகும், நடு அப்படியே கிடக்கும். அவ்வளவுதான்.

மேசைக்காரர்
நான் சாப்பிட்டது ஒரு தட்டு பஜ்ஜி, எண்ணெய் நாறியது. கதை முடிந்தது. ஆனால் இங்கே எல்லோருமே தப்பான வரிசையில் சாப்பிட்டிருக்கீங்க.

ரெண்டு பேர் போனால் ரெண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. ஒருத்தர் வரிசை, ஒருத்தர் மேசை. எதையும் ஒரு தட்டுக்கு மேல் வாங்காதீங்க. ஆறு ஏழு பண்டத்துக்கு மேல் நாக்கு மரத்துவிடும். முதலில் ஆவியில் வெந்தது, அப்புறம் களி, குழம்பு, அப்புறம் வறுவல், கடைசியில் இனிப்பு. காரத்தை முதலில் தின்றுவிட்டுக் கோயில் இட்லியின் சுக்கு தெரியலை என்றால் யார் தப்பு? ஒரு எவர்சில்வர் டப்பாவும் ரெண்டு ஸ்பூனும் கையில் இருக்கட்டும், தொன்னை அஞ்சு நிமிஷத்தில் ஒழுகும். சில்லறையும் வேணும். கூட்டம் சேர்ந்தால் டவர் செத்துவிடும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்பவர் திட்டுவார்.

பொரிக்கிற கடையில் வாங்குமுன் எண்ணெயைப் பாருங்க. பண்டம் போடாதபோதே நுரை நிற்குதா, மிதமான தீயிலேயே புகையுதா, பாகு மாதிரி கெட்டியா? நகர்ந்துடுங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கழிவான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அளக்கக் கருவி இருக்கு, ஆனால் நம்ம கையில் இருக்கப்போவது கண்ணும் மூக்கும்தான். கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் பொரித்ததைச் சாப்பிட்டுவிடுங்க...

தொன்னை
சார், வறுவலைக் கடைசிக்குப் பக்கத்துல சாப்பிடச் சொன்னதும் நீங்கதான், முதல் ஒரு மணி நேரத்துல சாப்பிடச் சொன்னதும் நீங்கதான். எதைச் செய்யறது?

குழிக்கரண்டி
@சாத்தூர் மிளகாய் அண்ணே, கரண்டி பழக்குறது எப்படி? தோசைக்கல் மாதிரி வெங்காயம் வதக்கினால் போதுமா?

சாத்தூர் மிளகாய்
முதல்ல சோறு வடிச்ச கஞ்சியில ஒரு ராத்திரி ஊற விட்டுத் தேங்காய் நாரால தேய்ங்க. ஈரம் போகக் காயவச்சு, நல்லெண்ணெய் தடவிச் சின்னத் தீயில சூடாக்கி ஆறவைங்க. மூணு நாலு தடவை. அப்புறம் வெங்காயம். முதல் ரெண்டு ஆம்லெட் ஒட்டத்தான் செய்யும், சோப்பு போட்டுடாதீங்க.