மூலப் பதிவை வீட்டார் பாவிக்கிற மாதிரி மாத்திக் குடுக்கிறது: பழைய கசெட், கலியாண வீடியோ வேலை செய்யிறவையின்ரை அனுபவப் பகிர்வு (முன்னுக்கு இருக்கிறது எழுதினவரின்ரை ஊர்)

கொக்குவில்:
கனடாவில இருந்து சொந்தக்காரர் கொண்டு வாற வீ.எச்.எஸ். கசெட் இஞ்சத்தைப் பிளேயரில படம் உருண்டு, நிறமில்லாமல் வந்தால் கசெட் பழுது எண்டு முடிவெடுக்காதேங்கோ. கனடாக் கசெட் என்.ரி.எஸ்.சி. (NTSC), எங்கடை பால் (PAL), வேறை வேறை வீடியோ முறை. ரெண்டும் வாசிக்கிற பிளேயர் தேடுங்கோ. கணினியில பதிவாக்கேக்கையும் (கப்சர்) பட அளவு 720×480, செக்கனுக்கு 29.97 ஃபிரேம் எண்டு வையுங்கோ. 25க்கு மாத்தி எடுத்தால் அசைவு துள்ளும், பிறகு அதைத் திருத்தேலாது.

பருத்தித்துறை:
கசெட்டைப் போட முதல் கண்ணாடிக்குள்ளால சுருளின்ரை விளிம்பைப் பாருங்கோ. வெள்ளைப் பொடி தெரிஞ்சால் பூஞ்சணம். கடற்கரை ஊர்களில இது கூட. அதை நல்ல பிளேயரில ஓட்டினால் பூஞ்சணம் நாடாவை வாசிக்கிற ஹெட்டில ஒட்டி, அடுத்த கசெட்டுக்கும் போகும். துப்பரவாக்க வேறை ஒரு பழைய பிளேயரை ஒதுக்கி வையுங்கோ. ஹெட் டிரம்மை (ஹெட் பூட்டின உருளை) பஞ்சுக் குச்சியால துடைக்கவே கூடாது, நார் சிக்கி ஹெட் முறியும். 99% ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைச்ச மான்தோலை டிரம்மில பிடிச்சுக்கொண்டு, டிரம்மைக் கையால மெதுவாச் சுத்துங்கோ. மேலும் கீழும் தேய்க்கிறேல்ல.

சுன்னாகம்:
மினி டீவி கசெட்டுக்கு மஞ்சள் வயர் (அனலொக் வீடியோ வயர்) வேண்டாம். ஃபயர்வயரால (கமராவையும் கணினியையும் இணைக்கிற டிஜிட்டல் வயர்) எடுத்தால் கசெட்டில இருக்கிற டிஜிட்டல் பதிவு அப்பிடியே இறங்கும், மணித்தியாலத்துக்கு 13 ஜீபீ. எல்.பி.யில (கூட நேரம் பிடிக்க நாடாவை மெதுவா ஓட்டுற முறை) எடுத்த கசெட் வேறை கமராவில கட்டங்கட்டமா உடையும். எடுத்த கமராவையே வீட்டாரிட்டைக் கேட்டு வாங்குங்கோ. ஒரு மணித்தியாலக் கசெட்டுக்கு ஒரு மணித்தியாலம் ஓடுற வேலை எண்டபடியால் யூ.பி.எஸ். (கரண்ட் போனாலும் தாங்கிற பற்றரி) இல்லாமல் தொடங்கக் கூடாது.

ஏ.வீ.சி.எச்.டி. (எச்.டி. கமராக்கள் பதியிற ஒரு முறை) மெமரி காட்டில தனி எம்.ரி.எஸ். வீடியோக் கோப்புகளை மட்டும் இழுத்தெடுக்கிறது இன்னொரு பிழை. நீளமான பதிவை கமரா 2 இல்லாட்டில் 4 ஜீபீ துண்டாக்கும். துண்டுகளைத் தனித்தனியா எடிட்டிங்கில அடுக்கினால் பொருத்தில நாதஸ்வரம் ‘டக்’ எண்டு வெட்டுப்படும். முழு ஃபோல்டரையும் எடுத்து, கமராக் கொம்பனியின்ரை மென்பொருளால ஒட்டுங்கோ. எம்.டி.5 செக்சம் (கொப்பி சரியோ எண்டு பாக்கிற குறியீடு) ரெண்டு பக்கமும் ஒத்துவந்த பிறகுதான் மெமரி காட்டை அழிக்கலாம்.

சாவகச்சேரி:
அண்ணைமார், மூலத்தையே ஹார்ட் டிஸ்கில போட்டுக் குடுத்தால் காணாதோ? கலியாணம் ஒண்டு 300 ஜீபீ, எல்லாம் 4கே.

நல்லூர்:
காணாது தம்பி. 10 பிட், 4:2:2 பதிவை (நிறத்தைக் கூட நுணுக்கமா வைக்கிறது) கன ரீவியள் திறக்காது, இல்லாட்டில் சத்தம் மட்டும் வரும். வீட்டார் ‘வீடியோ பழுது’ எண்டு டிஸ்கை அலுமாரிக்குள்ள வைச்சிடுவினம். மூலத்தைத் தொடாமல் ரெண்டு டிஸ்கில வையுங்கோ, ஒண்டு வேறை வீட்டில. பார்க்கிற கொப்பி வேறை: எச்.264, 8 பிட், 4:2:0, 1080, செக்கனுக்கு 12 மெகாபிட், சத்தம் ஏ.ஏ.சி. 192 கிலோபிட். பழைய கசெட்டெண்டால் இன்டர்லேஸை (படத்தை ஒண்டுவிட்ட வரிகளா ரெண்டு பாதியாப் பதியிறது) இந்தக் கொப்பியில மட்டும் நீக்கி, பால் எண்டால் செக்கனுக்கு 50 ஃபிரேமா விடுங்கோ. 25 ஆக்கினால் காவடி ஆட்டம் தத்தித் தத்திப் போகும்.

பழைய ரீவியளுக்குப் பென் டிரைவ் ஃபேட் 32 (பழைய ஃபோர்மட் முறை) ஆக இருக்கவேணும், அதில ஒரு கோப்பு 4 ஜீபீக்கு மேல ஏறாது. 12 மெகாபிட்டில 40 நிமிஷத்துக்குள்ள வெட்டினால் சரி. வெட்டிறதைச் சடங்குபடி வெட்டுங்கோ: பொன்னுருக்கு, தோழன் எடுப்பு, கூறை, தாலிகட்டு, கால்மாறல். அம்மம்மா தாலிகட்டு மட்டும் பாக்கவேணும் எண்டால் மூண்டு மணித்தியாலம் ஓட்டத் தேவையில்லை. கோப்புப் பெயரில 01, 02 எண்டு முன்னுக்குப் போடுங்கோ, இல்லாட்டில் ரீவி அகரவரிசையில குழப்பும்.

கூட ஒரு அட்டவணை: எந்தக் கோப்பில எத்தினையாம் நிமிஷம் ஆர் வாறது. செத்துப்போன பெரியவையின்ரை முகத்தைத் தேடித்தான் முக்கால்வாசிப் பேர் திரும்பக் கேக்கினம். அதை பாமினியில (பழைய தமிழ் எழுத்துரு) அடிக்காதேங்கோ. எழுத்துரு இல்லாத போனில இங்கிலீஷ் எழுத்துக் குவியலாத்தான் தெரியும். யூனிகோட்டில அடிச்சு, பீ.டீ.எஃப். ஒண்டும் தாள் ஒண்டுமாக் குடுங்கோ.