புதுப்பிப்பு: பூக்காமல் இருந்த தொட்டி மல்லிகை பூத்துவிட்டது

இரண்டு வருடமாக இலையாகவே தழைத்து, ஒரு மொட்டுகூட விடாத என் தொட்டி மல்லிகையைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் கொடுத்தது கவாத்துதான், அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், அதனால் பழைய கிளைகளைப் பாதிக்கு வெட்டுங்கள், தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியே செய்தேன். ஒவ்வொரு கிளையையும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினேன். தொட்டியையும் 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தினேன்.

முதல் மூன்று வாரம் வெறும் குச்சிதான். பார்க்கவே மனசு கேட்கவில்லை, ஏதாவது உரம் போடலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை. நான்காவது வாரம் கணுக்களில் கடுகளவு பச்சை முளைகள். ஏழாவது வாரம் துளிர் நுனிகளில் மும்மூன்றாக மொட்டுகள்! இப்போது தினமும் மாலையில் விரிகின்றன.

அப்புறம், எதிர்பார்க்காத ஒன்று. வெட்டிய கிளைகளில் நான்கைப் பக்கத்துத் தொட்டியில் தக்காளி நாற்றுக்கு முட்டாகக் குத்தி வைத்திருந்தேன். நேற்று பிடுங்கப் போனால் ஒன்று வர மறுத்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் நூல் மாதிரி வெள்ளை வேர்கள்! இரண்டு குச்சிகள் வேர் பிடித்திருக்கின்றன. வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்துத் தனித்தனித் தொட்டியில் நட்டு, நிழலில் வைத்திருக்கிறேன்.