முதல் முறை தனியாக வெளிநாடு: யாரை நம்பினீர்கள், எப்படி நம்பினீர்கள்?

சயான் கோலிவாடாவிலிருந்து:

தனியாக வெளிநாடு போக நினைக்கும் நம் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள் கேட்பதெல்லாம் விசா, டிக்கெட், தங்குமிடம் பற்றித்தான். அதெல்லாம் கொஞ்சம் தேடினாலே கிடைத்துவிடும். போய் இறங்கிய பிறகு அங்கே இருக்கிற மனிதர்களில் யாரிடம் பேசுவது, யாரைத் தவிர்ப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நான் வழியில் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

22 வயதில், முதல் வேலையில் சேர்த்த பணத்தில் வியட்நாம் போனேன். விசாவை அந்நாட்டு அரசின் தளத்திலேயே நானே எடுத்தேன். ஒருமுறை நுழைய 25 டாலர். (அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, கூடுதலாகப் பணம் கறப்பார்கள். முகவரியைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போங்கள்.) வீட்டில் பெரிய சண்டை. "பாஷை தெரியாத ஊர்ல பொம்பளப் புள்ள தனியா என்ன பண்ணும்?" என்று அம்மா ஆரம்பித்தார். அப்பா வாயே திறக்கவில்லை. கடைசியில் ஆச்சிதான் பேசினார். "நான் வாக்கப்பட்டு திருநெல்வேலியிலருந்து இந்தக் கோலிவாடாவுக்கு வந்தப்ப எனக்கு இந்தி தெரியுமா, மராட்டி தெரியுமா? போயிட்டு வரட்டும்." அதோடு பேச்சு முடிந்தது.

சகார் விமான நிலைய கவுன்டரில் திரும்பி வரும் டிக்கெட்டைக் கேட்டார்கள், காட்டினேன். இமிகிரேஷன் அதிகாரி "தனியாகவா?" என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். அவ்வளவுதான்.

ஹோ சி மின் நகரத்தில் இறங்கி வெளியே வந்ததும்தான் விஷயம் ஆரம்பித்தது. (அங்கே இன்னும் பலர் பழைய பெயரில் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், பெயர் மாறிய பிறகும் மும்பையில் நாம் வி.டி. ஸ்டேஷன் என்று சொல்வதுபோல.) கதவைத் தாண்டியவுடன் ஒருவர் என் பை இருந்த தள்ளுவண்டியில் கை வைத்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கட்டண அட்டை. "டாக்ஸி, டாக்ஸி, நல்ல விலை" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டியை அவரிடமே விட்டுவிட்டு நகர்ந்தேன். கொஞ்சம் தள்ளி ஒரு பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அவரிடம் போய், போனில் வியட்நாமிய எழுத்தில் சேமித்து வைத்திருந்த விடுதி முகவரியைக் காட்டினேன். அவர் 109 என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினார். முதுகுப்பையோடு ஊர் சுற்றும் பாக்பேக்கர்கள் தங்கும் பகுதிக்குப் போகும் மஞ்சள் பஸ் அது.

நாமெல்லாம் மும்பையின் ஹார்பர் லைன் ரயிலில் வளர்ந்தவர்கள். லேடீஸ் டப்பாவில் ஏறிய கையோடு, யார் குர்லாவில் இறங்குவார், யாரிடம் சீட்டுக்குச் சொல்லி வைக்கலாம் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம். அந்தக் கண் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. வெளிநாட்டில் கால் வைத்ததும், மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அதை மூடிவைத்துவிடுகிறோம். வேண்டாம். சுற்றி நிற்பவர்களில் யாரிடம் கேட்பது என்று நாமே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். தேடி வந்து கையைப் பிடிப்பவரிடம் அந்த முடிவை விட்டுவிடக் கூடாது.

அடுத்து பணம். வியட்நாம் பணம் டாங், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். எல்லாவற்றிலும் பூஜ்ஜியம் வரிசையாக நிற்கும். அதில் 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலச் சாயல். ஒன்று நம் கணக்கில் அறுபத்தைந்து ரூபாய் போல வரும், இன்னொன்று ஆயிரத்து அறுநூறைத் தாண்டும். மாலை வெளிச்சத்தில் கை மாறினால் தெரியவே தெரியாது. விடுதிச் சந்தில் காலையில் காபி விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். கூட்டம் இல்லாத நேரத்தில் அவரிடம் உட்கார்ந்து, என் நோட்டுகளை மேசையில் வைத்து, சொல்லிக் கொடுங்கள் என்று சைகையில் கேட்டேன். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாகப் பரப்பி, ஐஸ் காபியைக் காட்டி ஒரு நோட்டு, பக்கத்து ரொட்டிக் கடையைக் காட்டி ஒரு நோட்டு, என் பையைக் காட்டி விடுதி வாடகைக்கு ஒரு நோட்டு என்று விலையும் சேர்த்தே சொன்னார். பிறகு 5,00,000 நோட்டுகளை மட்டும் பொறுக்கி, இரண்டாக மடித்து, என் பையின் உள் ஜிப்பைத் திறந்து தானே செருகினார். மற்றதை என் கையில் கொடுத்து விரல்களை மூடிவிட்டார். பயணம் முழுக்க அப்படியேதான் வைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தின் முனையில் இளநீர்க்காரர் ஒருவர் நிற்பார். விடுதியில் தங்கியிருந்த கொச்சிப் பையன் ஒருவன் தோளில் அவரே இளநீர் தொங்கும் காவடியை ஏற்றிவிட்டு, "போட்டோ எடு, போட்டோ எடு" என்று சிரித்தார். இறக்கி வைப்பதற்குள் இரண்டு இளநீர் சீவியாகிவிட்டது. அவர் கேட்ட விலையைக் கேட்டு அந்தப் பையன் முகம் வாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இதிலும் தேடி வந்தவர் அவர்தான்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே வணிகம் செய்த தமிழர்கள் கட்டியது. நான் போனபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வியட்நாமியர்கள். ஒரு வயதான அம்மா கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டவைத்து வெகுநேரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தள்ளி நின்று, எனக்கும் இடம் விட்டார். நானும் நெற்றியை வைத்தேன். கல் ஜில்லென்று இருந்தது. வெளியே வந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு கோபுரத்தைக் காட்டினேன். அதற்கப்புறம்தான் அம்மா என்னிடம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார்.

அங்கிருந்து ஹுயேவுக்கு ரயில். ஹனோய் வரை போகும் 1,726 கிலோமீட்டர் பாதை அது. நான் போனது நடுவில் வரைதான், அதற்கே ஓர் இரவும் மறுநாள் பகலில் பெரும்பகுதியும் ஆகும். ஆறு பேர் படுக்கும் அறை. எதிரே ஒரு பாட்டியும் பேரனும். முன்பின் தெரியாதவர் கொடுப்பதைச் சாப்பிடாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம், அது சரிதான். பாட்டி வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதிலிருந்த ஒட்டரிசியைப் பிட்டுப் பேரனுக்கு ஊட்டினார், தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார், பிறகு அதே பொட்டலத்திலிருந்து ஒரு துண்டை எனக்கு நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் டா நாங் தாண்டி ஹை வான் கணவாயில் ரயில் மலையோரமாக மெதுவாக ஏறும்போது, கடல் தெரியும் பக்கத்துக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். போன் மொழிபெயர்ப்பில் அவர் கேட்ட ஒரே கேள்வி: "உன் அம்மா சாப்பிட்டாளா?"

மாட்டுங்காவிலிருந்து:

நான் போகவில்லை, என் பெண் போனாள். அனுப்பிய பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பாங்காக்கில் கிராண்ட் பேலஸ் வெளிச்சுவர் ஓரமாக நடந்தபோது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடல், விசேஷம் நடக்கிறது, குறைந்த காசில் டுக்-டுக் ஆட்டோவில் மற்ற கோயில்களைப் பார்த்து வா" என்றாராம். அந்த டுக்-டுக் கடைசியில் போய் நிற்பது ரத்தினக் கடையில், பல வருடங்களாக நடக்கிற ஏமாற்று அது. இவள் பதில் சொல்லாமல் டிக்கெட் கவுன்டர் வரைக்கும் நடந்தாள். திறந்துதான் இருந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று: தாய்லாந்தில் மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்து போட்ட கடைகளில் அசைவம் இருக்காது, பூண்டு வெங்காயம்கூட இருக்காது. வியட்நாமில் 'சாய்' (chay) என்று பலகை இருக்கும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே நிறையப் பேர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள், அன்று தேடவே வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மணிக்கொரு தடவை கூப்பிடாதீர்கள். ரோட்டில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க வைப்பதுதான் பெரிய ஆபத்து. இரவு அறைக்குப் போனதும் ஒரு செய்தி, அதுவே போதும் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

செம்பூரிலிருந்து:

கோலிவாடாத் தங்கை சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் எனக்கு நடந்தது வேறு. கோலாலம்பூர் சென்ட்ரலில் பத்துமலைக்குப் போகும் ரயிலுக்கு எந்தப் பிளாட்பாரம் என்று பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் தானாக வந்து, "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். அவர் தேடி வந்தவர்தான். நல்ல மனிதர்.

இன்னொன்று, நம்மவர்களுக்கு மட்டுமே வரும் தலைவலி. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதும் விசா விண்ணப்பத்திலும் இழுத்தடிக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் இருந்தால் ஏற்கிறோம் என்று பிறகு விளக்கம் வந்தது. முதல் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகள் விண்ணப்பத்திலேயே அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுங்கள். பின்னால் மாற்றுவது பெரிய அலைச்சல்.

சயான் கோலிவாடாவிலிருந்து:

அண்ணா, அந்தப் பெரியவர் அப்புறம் என்ன செய்தார்?

செம்பூரிலிருந்து:

பிளாட்பாரத்தைக் காட்டினார். டிக்கெட் மெஷினில் எதை அழுத்துவது என்று சொன்னார். "முருகனைக் கும்பிட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தன் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

சயான் கோலிவாடாவிலிருந்து:

அப்படியென்றால் நான் சொன்னதில் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். தேடி வருபவர் எல்லாரும் மோசம் இல்லை. வழி சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறாரா, இல்லை நாம் போகிற இடத்தை மாற்றிவிட்டுக் கூடவே நடக்கிறாரா என்று பாருங்கள். இளநீர்க்காரர் போகவில்லை, தள்ளுவண்டிக்காரர் போகவில்லை, அரண்மனைச் சுவரோரம் நின்றவர் இடத்தையே மாற்றப் பார்த்தார். உங்கள் பெரியவர் போய்விட்டார்.

கார்டு பற்றி உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கடையிலோ ஏ.டி.எம்.மிலோ ரூபாயில் கழிக்கவா, உள்ளூர்ப் பணத்தில் கழிக்கவா என்று திரையில் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைக்கும் மாற்று விலைக்குப் போய்விடும்.