பழைய பரமக்குடி சேலையில் பஃப் கை ரவிக்கை: கை ஏன் தொங்குது?

கேள்வி (மண்டபம்):
பழைய காட்டன் சேலையை வெட்டி 60கள் மாதிரி பஃப் கை ரவிக்கை தைக்கணும். எவ்வளவு துணி எடுக்கணும்? கை உப்பி நிக்க என்ன வழி?

பதில்:
பஃப் கை வச்ச ரவிக்கைக்கு மொத்தம் ஒரு மீட்டர் வேணும். முதல்ல வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நூல் விலகின இடம் தையல்ல கிழியும். கீழ்க்கரை ஓரம்தான் சீக்கிரம் நைஞ்சிருக்கும். உள்ளே சொருகுற முதல் சுற்று பெரும்பாலும் திடமா இருக்கும்.

பதில்:
காகிதத்துல வரைஞ்ச கை பேட்டர்னை நடுவுல வெட்டி 4 அங்குலம் விரிங்க, மேல் வளைவை ஒன்றரை அங்குலம் உயர்த்துங்க. உயர்த்தாட்டி உப்பாது, பக்கவாட்டுலதான் அகலும். சுருக்கம் வைக்க, அந்த மேல் வளைவு ஓரத்துல பெரிய தையலா ரெண்டு வரிசை, கால் அங்குல இடைவெளி. அடி நூல் ரெண்டையும் சேர்த்து இழுங்க. ஒரே வரிசைன்னா சுருக்கம் புரளும். அக்குள் பக்கம் ரெண்டரை அங்குலம் சுருக்கவே கூடாது. துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன துணி தானா நிக்காது, தோள் தையலுக்குள்ள 2 அங்குல ஆர்கண்டிப் பட்டி (விறைப்பான மெல்லிய பருத்தித் துணி) வைங்க.

பதில்:
கை நிக்கக் கஞ்சியை நம்பாதீங்க, உங்க ஊர் கடல் ஈரத்துல தளர்ந்திடும், மழைக்காலத்துல பூஞ்சையும் பிடிக்கும். இரும்பு கொக்கி துருப்பிடிச்சுக் கறை விடும். பித்தளைக் கொக்கி, அதை மாட்ட நூல் காது (நூலால போடுற வளையம்) போதும்.

கேள்வி கேட்டவர்:
லைனிங்கை முதல்ல நனைக்கணுமா?

பதில்:
ஆமா, ராத்திரி முழுக்க. இல்லாட்டி முதல் துவைப்புல லைனிங் மட்டும் சுருங்கி மேல்துணி பொம்மும்.